இருபத்தைந்துக்கு நான்கரை

காப்பி சற்றுக் கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மையாரே. இந்த வீட்டில் குடிப்பவன் நான் ஒருவனே. என் நாவுக்கு ஏற்றபடியே போட்டுப் பழகிவிட்டேன். சர்க்கரை அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. அல்ஜியர்ஸிலிருந்து ஆறு மணி நேரம் பேருந்தில் குலுங்கி வந்தவரிடம் எடுத்த எடுப்பிலேயே குற்றத்தைப் பற்றிப் பேசுவது விருந்தோம்பலுக்கு அழகன்று. ஆயினும் நீங்கள் பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டீர்கள். சிவப்பு விளக்கும் எரிகிறது. ஆகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும்: நான் கையூட்டு வாங்கியவன் அல்லன். பதினான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, ஒரு தேர்வரின் மாமனார் ஒரு கூடை ஸ்ட்ராபெரிப் பழங்களை வாசலில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் ஸ்கிக்தாவில் அந்தப் பழத்தை மறுப்பது பெரிய அவமதிப்பு. ஆகவே பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பினேன். அவர் மருமகன் தோற்றான். நேர்மை என்பது இதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

என் பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது: முக்தார் ஸெர்தூக். ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டு பிரெஞ்சு கற்பித்தேன். பதினான்கு ஆண்டுகளாக இந்நகரின் சிறிய தேர்வு மையத்தில், அயல்நாடு செல்ல விரும்புவோரின் பிரெஞ்சுப் புலமையைச் சோதித்துச் சான்றளிக்கும் நடுவர்களில் ஒருவனாக இருக்கிறேன்; கடைசி ஒன்பது ஆண்டுகள் நடுவர்களுக்குத் தலைவன். எந்தத் தேர்வர் எந்த அறையில் எந்த நடுவர் முன் அமர வேண்டும் என்று அட்டவணை இடுபவனும் நானே. இதைக் குறித்துக்கொள்கிறீர்கள். குறித்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

விதிகள் உங்கள் அலுவலகம் வகுத்தவை. நான் அவற்றை எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து மதிப்பெண். மொத்தம் ஐம்பது எடுத்தால் வெற்றி. ஆனால் ஏதேனும் ஒரு பகுதியில் ஐந்துக்குக் கீழே விழுந்தால், மற்ற மூன்றிலும் முழுமை பெற்றிருந்தாலும் தோல்வியே. பேச்சுத் தேர்வில் தேர்வர் கவிழ்த்து வைத்த தலைப்புச் சீட்டுகளில் இரண்டை எடுத்து, ஒன்றைத் தேர்ந்து, அரை மணி நேரம் சிந்தித்துவிட்டு எங்கள் முன் வந்து பேசுவார். ஒரு நடுவர் அவரோடு வாதாடுவார். மற்றவர் வாய் திறவாமல் குறிப்பெடுப்பார். நாங்கள் புன்னகைக்கக் கூடாது, தலையசைக்கக் கூடாது, நன்று என்று சொல்லவும் கூடாது. அவர் வெளியேறிய பின் இருவரும் கலந்து பேசி ஒரே தாளில் மதிப்பெண் இட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளைத் தேர்வர் ஒருநாளும் காண முடியாது. ஏன் தோற்றேன் என்று கேட்கவும் இயலாது. ஆறு வாரம் கழித்து ஓர் எண் வரும், அவ்வளவே. இறைவன் பொறுத்தருளட்டும், அவனுக்குக்கூட இவ்வளவு வசதி இல்லை. அவனிடம் மக்கள் நாள்தோறும் ஐந்து வேளை காரணம் கேட்கிறார்கள்.

அதிகாரம் பெரிது; செவிக்குக் கிடைத்ததோ மிகச் சிறிது. இந்நகரில் ஆறு பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஆறிலும் ஒரே உரையை மனப்பாடம் செய்விக்கிறார்கள். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், நம் காலத்தில் சுற்றுச்சூழல் என்று தொடங்கி, இளைஞர்களின் கையில் எதிர்காலம் என்று முடிப்பார்கள். ஓர் இளைஞனுக்கு, அண்டை வீட்டார் தம் நாயைக் குரைக்க விடாமல் பார்த்துக்கொள்ளும்படி இணங்கவைக்க வேண்டும் என்ற சீட்டு வந்தது. அவன் பதினொரு நிமிடம் பிளாஸ்டிக் பைகளைப் பற்றிப் பேசினான். நாய் எங்கே என்று கேட்டேன். அதுவும் பிளாஸ்டிக்கைத்தான் தின்கிறது, அதனால்தான் குரைக்கிறது என்றான். பதினான்கு போட்டேன். இப்போது லியோனில் இருக்கிறான். அவனை இழந்ததால் ஸ்கிக்தாவுக்கு ஒரு குறையும் இல்லை. இப்படி ஆண்டுக்கு எண்பது தொண்ணூறு பேரைக் கடல் கடத்தியிருக்கிறேன். ஒருவர் குரலும் என் நினைவில் தங்கவில்லை.

என்னோடு அமரும் நடுவன் லக்தர், பெண்கள் பள்ளி ஆசிரியன். நல்லவன், மதியத்துக்குமேல் கண்ணைத் திறந்து வைத்திருக்க மாட்டான். அமர்வு நாளன்று காலையிலேயே அன்றைய வெற்றுத் தாள்கள் எல்லாவற்றிலும் கையெழுத்திட்டுக் கட்டாக என்னிடம் தந்துவிடுவான். இது விதிக்குப் புறம்பு என்று முதல் ஆண்டில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

“ஷேக், உங்க காதும் என் காதும் ஒண்ணுதானே. ஒரே பாட்டக் கேட்டு ரெண்டு பேரு எதுக்குச் சாகணும்?” என்றான். மூத்த ஆசிரியரை எங்கள் ஊரில் ஷேக் என்றும் உஸ்தாத் என்றும் அழைப்பார்கள்.

அதில் நியாயம் இருந்தது. அதன்பின் நான் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரை நீங்கள் உச்சரிக்கும் முன் நானே சொல்கிறேன்: வஸீலா. முதன்முறை வந்தபோது வயது முப்பத்து மூன்று. அரசு மருத்துவமனையின் முதியோர் பிரிவில் செவிலி. கணவன் நஸீம் அவளுக்கு முன்னரே மொன்றியால் நகருக்குப் போய் ஒரு பேக்கரியில் வேலை செய்துகொண்டிருந்தான். அங்குள்ள மருத்துவமனை ஒன்று அவளுக்கு ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் எங்கள் சான்றிதழைக் காட்டினால் அந்த இடமும் உண்டு, கணவனோடு குடியிருக்கும் அனுமதியும் உண்டு. ஆண்டுக்கு மூன்று அமர்வுகள். ஆகவே அவளுக்கு ஆறு வாய்ப்புகள். இவை அனைத்தும் அவள் விண்ணப்பத்தோடு இணைத்திருந்த கடிதத்தில் இருந்தன. நான் அவற்றைப் படித்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன்.

மருத்துவமனைகளில் பார்வையாளர் நேரத்தைக் கட்டுப்படுத்தலாமா என்பது அன்று அவளுக்கு வந்த சீட்டு. அவள் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்தாள். பேசினாள்.

அவளுடைய பிரெஞ்சு எந்தப் பயிற்சி நிலையத்திலும் விளைந்ததன்று. அவள் பிரிவில் படுத்திருந்தவர்கள் பழைய துறைமுக எழுத்தர்கள், கப்பலுக்கு வழிகாட்டியவர்கள், ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர் ஒருவர், தையல் கற்பித்த மூதாட்டி ஒருத்தி. நினைவு உதிர்ந்துபோன அவர்கள் பலருக்குச் சிறுவயதில் பள்ளியில் அடித்துப் புகட்டிய பிரெஞ்சு மட்டுமே எஞ்சியிருந்தது. அதில்தான் வைதார்கள், சூப்பில் உப்பில்லை என்றார்கள், மரித்துப்போன நண்பரைத் தேடினார்கள், கடைசி மூச்சில் மன்னிப்புக் கேட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்கள் கழுத்தின் கீழ்க் கையைக் கொடுத்துத் தாங்கியபடி அந்த மொழியை அவள் வாங்கியிருந்தாள். ஒரே மூச்சில் பதிவாளரின் பணிவும் மூட்டை தூக்குபவனின் வசையும் வரும். இரண்டும் அவள் வாயில் உடன்பிறந்தவைபோல் ஒத்திருக்கும்.

இரண்டு மனைவியர் கொண்ட ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னாள். ஒருத்தி காலை நேரத்தில் கஞ்சியோடு வருவாள். மற்றவள் மாலை நேரத்தில் பழத்தோடு வருவாள். பார்வையாளர் நேரக் கட்டுப்பாடு ஒன்றுதான் அந்த மனிதரை உயிரோடு வைத்திருக்கும் மருந்து என்று மருத்துவரே சீட்டில் எழுதினாராம். நான் சிரித்துவிட்டேன். நடுவராக இருந்த அத்தனை ஆண்டுகளில் அதுவே முதல் சிரிப்பு. லக்தர் திடுக்கிட்டு விழித்து, தேர்வு முடிந்துவிட்டதா என்று பார்த்தான்.

கேட்டேன், கேட்டபின், அதுவரை கேட்டவை எல்லாம் வெறும் ஓசை என்று அறிந்தேன். அதற்குமேல் அதை விளக்க என்னால் இயலாது.

நாங்கள் முதலில் பென்சிலால் எழுதி, பிறகு மையால் உறுதி செய்வது வழக்கம். பென்சிலால் இருபத்து நான்கு எழுதினேன். லக்தர் தேநீர் குடிக்கப் போய்விட்டான். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது மதிப்பெண் அன்று, பயணச்சீட்டு என்று தோன்றியது. இரண்டு மாதத்தில் அவள் போய்விடுவாள். போய், பனியில் பேருந்துக்காக நிற்பவர்களிடம் அந்தப் பிரெஞ்சைப் பேசுவாள். அங்கே எல்லோரும் அதைப் பேசுகிறார்கள்; ஆகையால் யாரும் கேட்பதில்லை. மீண்டும் எனக்கு அந்தப் பிளாஸ்டிக் பைகள்.

அழித்துவிட்டு நான்கரை என்று மையால் எழுதினேன். நான்கு போட்டிருக்கலாம், அது இழிவுபடுத்துவதாகும். அந்த அரை மதிப்பெண் என் மரியாதை.

ஒரே ஒரு முறைதான் என்று எண்ணியிருந்தேன். அவளுக்கு இன்னும் ஐந்து வாய்ப்புகள் மிச்சம் இருந்தன; எனக்கோ ஒன்றும் இல்லை. பங்கிட்டுக்கொள்வது அறம் அன்றோ.

யாருக்கும் ஐயம் எழவில்லை. மற்ற மூன்று பகுதிகளில் அவளுக்கு இருபத்திரண்டும் இருபத்து மூன்றும் வந்திருந்தன. எழுத்தில் சிறந்து, நடுவர் முன் நா உலர்ந்துபோகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அவர்களில் ஒருத்தியாக அவளும் பட்டியலில் கலந்துவிட்டாள். உங்கள் அலுவலகம் அந்நாளில் எழுத்துத் தாள்களை மட்டுமே மறுபடி சரிபார்த்தது. பேச்சு காற்றோடு போய்விடும்.

இரண்டாம் அமர்வில் அவளை என் அறையிலேயே இட்டேன். அந்நாளின் கடைசித் தேர்வராகவும் இட்டேன், பின்னால் எவரும் காத்திருக்கலாகாது என்பதற்காக. இருபது நிமிடத்தில் முடிய வேண்டியது முப்பத்தைந்து நிமிடம் நடந்தது. மறுப்புச் சொல்வது என் கடமை; நான் மறுக்க மறுக்க அவள் வாதம் சுடர்விட்டது. நான்கரை.

மூன்றாம் அமர்வு எனக்கு வருத்தம் தந்தது. அவள் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். உட்கார்ந்ததும், நம் காலத்தில் சுற்றுச்சூழல் என்று தொடங்கினாள். பொறுமையாகக் கேள்விமேல் கேள்வி கேட்டு அந்தப் பாடத்தை அவளிடமிருந்து உரித்தெடுத்தேன். எட்டு நிமிடத்துக்குப் பிறகு பழைய குரல் வந்தது. அன்றைய நான்கரையில், அந்த முதல் எட்டு நிமிடத்தின் பொருட்டு, ஓரளவு நியாயமும் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அதன் முடிவு வந்த வாரத்தில் மீன் சந்தையில் என்னைப் பார்த்துவிட்டாள். செவிலியின் வெள்ளைக் காலணியோடு ஈரத்தில் நடந்து வந்தாள்.

“உஸ்தாத், கேக்கக் கூடாதுன்னு தெரியும். ஒரே ஒரு வார்த்த மட்டும் சொல்லுங்க. எங்க தப்புப் பண்றேன்? உச்சரிப்பா? வேகமாப் பேசுறேனா? கெழவனுங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே, கொச்சையா இருக்கா?”

“நடுவர் தேர்வர்கிட்ட வெளியில பேசக் கூடாது மகளே.”

“பேச வேணாம். தலைய ஆட்டுங்க போதும். உச்சரிப்புன்னா ஒரு தடவ, கொச்சைன்னா ரெண்டு தடவ.”

நான் தலையை ஆட்டவில்லை. விதி விதிதான். மத்தி மீன் விற்பவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வாங்குறீங்களா ஷேக், இல்ல மீனுக்கும் பரீட்ச வைக்கிறீங்களா?” என்றான். அரைக் கிலோ வாங்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் அங்கேயே நின்றிருந்தாள். என் மௌனத்தை, எல்லாமே தவறு என்று பொருள்படுத்திக்கொண்டாள் எனப் பின்னால் தெரிந்தது. அதற்கு நான் பொறுப்பாக முடியாது. மௌனத்துக்கு எல்லோரும் தாமே பொருள் சொல்லிக்கொள்கிறார்கள்.

நான்காம் அமர்வில், தொலைபேசி வழியே உறவு வாழுமா என்பது தலைப்பு. தன் வீட்டையே எடுத்துக்காட்டாக வைத்துப் பேசினாள். நஸீம் ஞாயிறுதோறும் அழைப்பானாம். முதலில் ஒரு மணி நேரம். பிறகு அரை மணி. இப்போது கால் மணி. சென்ற வாரம் அவன் சொன்னதை அவனுடைய சலிப்பான குரலிலேயே அவள் நடித்துக் காட்டினாள்: “நம்ம மாடிவீட்டு ஸமீர் பொண்டாட்டி வந்து சேந்துட்டா. அவளுக்கு ஒரு வணக்கம் ஒழுங்காச் சொல்ல வராது. அவ பாஸாம். நெசமாச் சொல்லு வஸீலா, உனக்கு இங்க வர இஷ்டம் இருக்கா, இல்லையா?”

ஸமீரின் மனைவியை எனக்கு நினைவிருக்கிறது. பதின்மூன்று போட்டேன். அவளும் பிளாஸ்டிக் பைகள்தான்.

வஸீலாவுக்கு நான்கரை.

ஐந்தாம் அமர்வின் சீட்டு, பள்ளிகளில் மதிப்பெண் முறையை ஒழித்துவிடலாமா என்று கேட்டது. சீட்டுகளை நான் அடுக்கவில்லை, அவள்தான் எடுத்தாள். ஒழித்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி. குரல் முன்னைவிட மெலிந்திருந்தது. ஆனால் மெலிந்த குரலில் சொல் இன்னும் துலக்கமாகக் கேட்டது. என் கடமைப்படி மறுத்தேன்: மதிப்பெண் இல்லையென்றால் ஒருவர் தம் தகுதியை எவ்வாறு அறிவார் என்று வினவினேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

“மதிப்பெண் வர்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு ஐயா. அது வந்ததுக்கப்புறந்தான் தெரியாமப் போச்சு.”

அந்த ஒரு வாக்கியத்துக்கே இருபத்தைந்தும் தரலாம். வீட்டுக்கு வந்து அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். தாளில் நான்கரை.

ஆறாம் அமர்வுக்கு முன் உங்கள் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: இனிமேல் பேச்சுத் தேர்வுகள் யாவும் பதிவு செய்யப்பட வேண்டும். மற்ற நடுவர்கள் முணுமுணுத்தார்கள். லக்தர் தன் குறட்டை தலைநகர்வரை கேட்குமே என்று கவலைப்பட்டான். நான் ஒருவன்தான் மகிழ்ந்தேன். அவளுடைய குரல் நிலைத்திருக்க ஒரு வழி பிறந்தது. பதிவில் ஒரு படியை வீட்டுக்கு எடுத்துவந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; மேல் தட்டில் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா என்பது அன்றைய தலைப்பு. இடம் காலாவதியாக இன்னும் இரண்டு மாதமே இருந்தது. அவள் மெலிந்து வந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது. முன்பு கப்பல் வழிகாட்டியாக இருந்த ஹமீதா என்ற கிழவரைப் பற்றிச் சொன்னாள். அவர் ஒவ்வொரு காலையும் மனைவிக்குக் கடிதம் எழுதச் சொல்வார். மனைவி இறந்து பத்தொன்பது ஆண்டு. அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதுவாள். ஒருநாள் அவர், ஏன் ஒரு பதிலும் வரவில்லை என்று கேட்டார். இவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, துறைமுகத்தில் காற்று பலமாக இருக்கிறது, கப்பல் எதுவும் உள்ளே வரவில்லை என்றாளாம். வழிகாட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று பிற்பகலில் நிறைவோடு இறந்தார். நான் பொய் சொன்னேன், ஐயா, ஆனால் அவருடைய மொழியில் சொன்னேன் என்று முடித்தாள்.

  அவள் போனபின் லக்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“இன்னிக்கு நான் தூங்கல ஷேக். இருபத்தஞ்சப் போட்டுட்டுக் கெளம்புங்க. என்னக் கேக்க வேணாம், காலையிலயே கையெழுத்துப் போட்டாச்சு.”

நான் அவனைக் கேட்கவில்லை.

நீங்கள் எழுப்பப்போகும் வினாவை நானும் அன்று எனக்குள் எழுப்பிக்கொண்டேன். குரல் கைவசமாகிவிட்டது, இனி அவளைப் போக விட்டால் என்ன? உண்மையாகவே யோசித்தேன், பென்சிலையும் கையில் எடுத்தேன். ஆனால் ஐந்து முறை நான்கரை பெற்ற ஒருத்தி ஆறாவது முறை இருபத்து நான்கு பெற்றால், பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஐந்து தாள்களும் கேள்விக்குள்ளாகும். ஒன்பது ஆண்டுத் தலைமையும் நகைப்புக்கிடமாகும். நடுவருக்கு நிலைத்தன்மை வேண்டும் என்று உங்கள் கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. நான் நிலையாக இருந்தேன்.

இடம் காலாவதியானது. நான்கு மாதம் கழித்து நஸீம் மணவிலக்குக் கேட்டுச் செய்தி அனுப்பினான். நான்கு வரி என்று லக்தரின் மனைவி சொன்னாள், அவள் மருத்துவமனையில் கணக்காளர். வஸீலா முதியோர் பிரிவிலிருந்து தானாகவே மாறுதல் கேட்டு, கீழ்த்தளத்தில் துணிகளை நீராவியில் தூய்மை செய்யும் கூடத்துக்குப் போய்விட்டாள். அங்கே யாரும் யாரோடும் பேசத் தேவையில்லை, இயந்திரங்களின் இரைச்சல். மேல்தளத்துக் கிழவர்கள் சில வாரம் அவள் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்களாம், பிரெஞ்சில். பிறகு அவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பிரிவில் அது இயல்பு.

இவையெல்லாம் வெளிப்பட்ட விதத்தை நீங்கள் தொலைபேசியில் சொன்னபோது, உள்ளபடியே ரசித்தேன். புதிய நடுவர்களைப் பழக்குவதற்கு ஒரு மிகப் பலவீனமான தேர்வரின் மாதிரிப் பதிவு வேண்டும் என்று தேடியிருக்கிறீர்கள். ஐந்துக்குக் கீழே எடுத்தவர்களின் பட்டியலிலிருந்து ஒன்றை உருவியிருக்கிறீர்கள். வகுப்பில் ஒலிக்கவிட்டிருக்கிறீர்கள். பதினாறு புதிய நடுவர்களில் பதினாறு பேரும் இருபத்து மூன்றுக்குமேல் இட்டார்கள், இருவர் அழுதார்கள், ஒருவர் மட்டும் இந்தப் பெண்ணை எங்கே சந்திக்கலாம் என்று கேட்டார். என் ரசனை தனித்து நிற்பதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நான் கல்நெஞ்சன் என்று எண்ணிவிடாதீர்கள். அவள் இனித் தேர்வர் அல்லள் என்று உறுதியானதும், அவளைத் தேடிப் போனவன் நானே. விதி இப்போது தடுக்கவில்லை. நீராவிக் கூடத்தின் வாசலில் நின்று, பிரெஞ்சு சொல்லித் தருகிறேன், ஒன்றும் தர வேண்டாம், மனம் தளராதே என்றேன். அவள் கையுறையைக் கழற்றினாள்.

“எனக்கு வராது உஸ்தாத். ஆறு தடவ பாத்தாச்சுல்ல. எதுக்கு உங்க நேரத்தக் கெடுத்துக்கிறீங்க?”

“வரும் மகளே. நான் இருக்கேன்.”

மூத்தோருக்குச் செய்யும் மரியாதையாகக் குனிந்து என் தோளில் முத்தமிட்டாள். இந்நகரில் அவளை மறக்காமல் தேடி வந்தவர் நான் ஒருவர்தான் என்று சொன்னாள். அது உண்மையும்கூட.

ஐந்து மாதமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறாள். ஊர் வாய்க்கு அஞ்சி நான் கதவைத் திறந்தே வைப்பேன். எதிர்வீட்டு ஸுஹூர் அம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார். பாடம் நடக்கும். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அது பெரிய ஏமாற்றம். அவள் ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்துவாள். சரியா என்று என் முகத்தைப் பார்ப்பாள். அடுத்ததை விரலில் எண்ணிக்கொண்டு சொல்வாள். ஒரு வாக்கியம் முடிய ஒரு காப்பி ஆறிவிடுகிறது. பதிவாளரின் பணிவும் இல்லை. மூட்டை தூக்குபவனின் வசையும் இல்லை. போன வாரம் பொறுக்க மாட்டாமல், அந்த இரண்டு மனைவியர் கதையைச் சொல்லேன் என்றேன். நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தாள். அப்படி ஒரு கதை தனக்குத் தெரியாது என்றாள். ஸுஹூர் அம்மாள் படிக்கட்டிலிருந்து, “விடுங்க ஷேக், பாவம், அந்தப் பொண்ணுக்கு வேர்க்குது” என்றார்.

நான் பொறுமையாகத் திருத்துகிறேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. வீட்டுப்பாடம் ஒருநாளும் தவறியதில்லை.

ஆகவே உங்கள் தாளில் எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். ஆறு முறையும் அந்த மதிப்பெண்ணை இட்டவன் நான். லக்தருக்குத் தெரியாது, அவன் கையெழுத்து மட்டுமே குற்றவாளி. நான் வேண்டுவது ஒன்றே: அவளிடம் இதைச் சொல்லாதீர்கள். ஆசிரியர்மேல் நம்பிக்கை குலைந்தால் மாணவிக்குப் படிப்பு ஏறாது.

இன்று செவ்வாய். ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். நீங்கள் இருந்து, விரும்பிய தலைப்பைக் கொடுத்து, நீங்களே சோதித்துப் பாருங்கள். நடுநிலையோடு, கையேட்டின்படி, பென்சிலால் இட்டு மையால் உறுதி செய்யுங்கள். இருபத்தைந்துக்கு நான்கரைக்குமேல் உங்களால் இட முடியாது. அப்போது நீங்களே ஒப்புக்கொள்வீர்கள், அம்மையாரே: என் மதிப்பீட்டில் பிழையில்லை, அது சற்று முந்திக்கொண்டது, அவ்வளவே.